வாளையாறு ரேடியம் கடை: முனியப்பனுக்கு முழு மதிப்பெண், எலும்புத் தாய்க்குப் பாதி

என் தம்பி மகன் சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பழைய குட்டி யானை வாங்கினான். வேலந்தாவளம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு ஒரு நாள் பாலக்காட்டுக்கும் மறுநாள் கோயம்புத்தூருக்கும் ஓட வேண்டிய வண்டி அது. பழைய உரிமையாளர் ஒட்டியிருந்த எழுத்துகளையும் படங்களையும் சுரண்டி எடுத்த பிறகு, மொட்டையடித்துச் சந்தனம் பூசாத தலையைப்போல் நின்றது. வண்டிக்குப் பெயர் எழுதவும் சாமி படம் ஒட்டவும் தமிழ்நாடு–கேரள எல்லையில் உள்ள வாளையாற்றுக்குத்தான் போக வேண்டும், அங்கே ஒரு ரேடியம் கடை இருக்கிறது என்று சந்தையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், எழுத்துப் பிழை பார்ப்பதற்கென்றே அவன் என்னையும் உடன் அழைத்துப் போனான். அன்று ஒருமுறையும் பிறகு இருமுறையும் அந்தக் கடைக்குச் சென்றுவந்தேன். ஒட்டிய படங்கள் ஒரு முழு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டன. இனி எழுதலாம் என்று தோன்றுகிறது.

கடையின் பெயரை எழுத வேண்டாமென்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். காரணம் பின்னால் வரும். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே, இரண்டு ஷட்டர் அகலத்தில் இருக்கிறது. உள்ளே படம் வெட்டும் இயந்திரமான ஒரு கட்டிங் பிளாட்டர், ஒரு கணினி, சுவரோரம் வண்ண வண்ணமாய் வினைல் சுருள்கள். இரவில் விளக்கொளி பட்டு மின்னும் ஒட்டுத்தாளுக்கு ரேடியம் என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியாது. தமிழ்நாட்டிலும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் லாரிகள் இங்கே மணிக்கணக்கிலும் சில வேளை நாள்கணக்கிலும் வரிசையில் நிற்கும். வரிசை நகரும்வரை ஓட்டுநருக்கு வேறு வேலை இல்லாததால், சாமி படம் ஒட்டும் தொழில் அந்தக் காத்திருப்பிலேயே வளர்ந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிசை மறைந்தவுடன், கடை சுற்றுலாப் பேருந்துகளின் பக்கம் திரும்பியது. பக்கவாட்டில் கழுகு, தீ, மண்டையோடு என்று ஒரு பேருந்துக்கு மூன்று நாள் வேலை இருந்ததாம். 2022 அக்டோபரில் இதே நெடுஞ்சாலையில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி, மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்த பிறகு, கேரளம் சுற்றுலாப் பேருந்துகளுக்கு வெள்ளை நிற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. அந்தத் தொழிலும் அத்துடன் போயிற்று. மிஞ்சியவை கணினியில் உள்ள படக்கோப்புகள் மட்டுமே. இந்த மதிப்புரையின் பிற்பாதி அந்தக் கோப்புகளைப் பற்றியது.

முதலில் முனியப்பன். எங்கள் குடும்பத்துக்குக் காவல் தெய்வம் அவரே என்பதால், வண்டியின் இரு பக்கமும் இரண்டடி உயரத்தில் ஒட்டக் கேட்டோம். பிற ஊர்களில் இந்த வேலை நடக்கும் விதம் எனக்குத் தெரியும்: ஒரே படத்தைக் கணினியில் திருப்பிப்போட்டு வலத்துக்கு ஒன்றும் இடத்துக்கு ஒன்றும் வெட்டித் தருவார்கள். விளைவாக ஒரு பக்கத்து முனியப்பன் இடக்கையில் அரிவாள் பிடித்திருப்பார். சாலையில் போகும் வண்டிகளைக் கூர்ந்து பார்த்தால் பாதிக்குப் பாதி இடக்கைச் சாமிகளாகவே இருக்கும். இந்தக் கடைக்காரர் இரு பக்கத்துக்கும் தனித்தனியாக வரைந்து வைத்திருக்கிறார். இரண்டிலும் அரிவாள் வலக்கையில். இரண்டிலும் பார்வை வண்டி போகும் திசையில். அதற்காக ஒரு படத்தில் தோளைச் சற்றுத் திருப்பி, மடக்கிய காலை மாற்றி வரைந்திருக்கிறார். கேட்டபோது, “சாமிக்கு சோத்தாங்கை பீச்சாங்கை தெரியாதுன்னு நெனச்சீங்களா மாஷே?” என்றார். நான் ஆசிரியன் என்று தெரிந்த கணத்திலிருந்து மாஷ் ஆகிவிட்டேன். பாலக்காட்டில் இதற்குத் தப்ப முடியாது.

படம் கொடுப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளும் எனக்குப் பிடித்திருந்தன. குலதெய்வமா, வழியில் காவலுக்கா என்றார். குலதெய்வமென்றால் உட்கார்ந்த கோலம், காவலுக்கென்றால் நின்ற கோலம் என்பது அவர் வைத்திருக்கும் முறை. சுருட்டு உண்டா இல்லையா என்று கேட்டார்; எங்கள் வீட்டில் படையலில் சுருட்டு வைப்பது வழக்கம் என்றதும், உதட்டோரத்தில் ஒரு சிறு கோடு சேர்த்தார். சக்கரத்துச் சேறு தெறிக்கும் உயரத்துக்குக் கீழே சாமி படம் ஒட்ட மாட்டேன் என்றும், மதுரைவீரனைக் கேட்டால் பொம்மியையும் வெள்ளையம்மாளையும் விட்டுவிட்டுத் தனியாக வெட்டித் தர மாட்டேன் என்றும் சொன்னார். மதுரைவீரனைத் தனியாகக் கேட்டுவந்த ஒருவரிடம் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பியதாக டீக்கடைக்காரரும் உறுதிசெய்தார். விற்பவன் தன் பொருளை அறிந்து விற்கும் கடைகள் குறைந்துவரும் நாளில், இந்தப் பிடிவாதம் ஒன்றுக்காகவே அங்கே மீண்டும் போகலாம்.

அடுத்தது அந்தக் கோப்புகள். முனியப்பன் காயும் நேரத்தில் தம்பி மகன் கணினியில் துழாவி, ‘ஸ்கல்’ என்ற பெயரில் இருந்த தொகுப்பைத் திறந்தான். பேருந்துக் காலத்து மண்டையோடுகள் ஐம்பதுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றில் ஒன்று அவனைப் பிடித்து நிறுத்தியது. எலும்புக்கூடான ஒரு பெண். தலையிலிருந்து பாதம்வரை தொங்கும் அங்கி. கையில் நீண்ட பிடி போட்ட கதிரறுக்கும் அரிவாள். தலையில் இறகு செருகிய அகன்ற தொப்பி. சுற்றிலும் ரோஜாப் பூக்கள். கோப்புக்கு ‘மெக்சிகன் பேய்’ என்று பெயரிட்டிருந்தார்கள். வண்டியின் பின்கதவுக்கு இதுதான் வேண்டும் என்றான்.

அது பேயன்று. மெக்சிகோவில் லட்சக்கணக்கானோர் வணங்கும் சாந்தா முவெர்த்தே, அதாவது புனித மரணம். ஸ்பானிய மொழியில் மரணம் பெண்பாற்சொல் என்பதால் அவள் பெண்ணாகிவிட்டாள். பக்தர்கள் அவளை ஒல்லிக்காரி என்றும் வெள்ளைச் சிறுமி என்றும் செல்லமாக அழைப்பார்கள். அந்தப் படத்தில் உள்ள தொப்பியும் பூவும் அவளுடையவை அல்ல. அவை கத்ரீனா என்ற வேறொரு எலும்புப் பெண்ணுக்கு உரியவை. 1913-இல் இறந்த ஓவியர் ஹோசே குவாதலூப்பே போசாதா, ஐரோப்பிய நாகரிகத்தைக் காப்பியடித்த சீமாட்டிகளைக் கேலிசெய்து வரைந்த சித்திரம் அது. கல்லறைத் திருநாளில் அவளைப்போல் முகத்தில் சாயம் பூசிக்கொள்வார்கள். அவளிடம் யாரும் வேண்டிக்கொள்வதில்லை. கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மையின் தலையை எடுத்துக் காளியம்மன் உடலில் பொருத்தினால் எப்படியோ அப்படியிருந்தது அந்தப் படம். முனியப்பனின் கைமாறினால் பொறுக்காத கடையில் இது எப்படி நுழைந்தது என்று கேட்டேன். பேருந்துக்காரர்கள் கொடுத்ததை அப்படியே வெட்டினோம், அது சாமி என்று எவரும் சொல்லவில்லை என்றார். பாதி மதிப்பெண் குறைத்தது இந்த இடத்தில்தான். தெரியாமல் செய்த பிழைதான் என்றாலும் பிழை பிழையே.

அவரும் தம்பி மகனும் கேட்டதால், டீ வரவழைத்துச் சற்று விரிவாகவே சொன்னேன். இந்த வழிபாடு நெடுங்காலம் வீட்டுக்குள் மறைவாக நடந்துவந்தது. மெக்சிகோ நகரத்தில் டெபீட்டோ என்ற பகுதி உண்டு. கள்ளச் சந்தைக்கும் குத்துச்சண்டைக்காரர்களுக்கும் பேர்போன ஏழைக் குடியிருப்பு. அங்கே உணவுப்பண்டம் விற்றுவந்த என்ரிகேட்டா ரொமேரோ என்ற பெண்மணி, 2001-ஆம் ஆண்டில் ஆளுயர எலும்புச் சிலையொன்றைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தித் தன் வீட்டு வாசலில் வீதியைப் பார்த்தபடி வைத்தார். வழிபாடு வெளிச்சத்துக்கு வந்தது அப்போதுதான். மாதந்தோறும் முதல் தேதியில் அந்த வீதியில் செபமாலை சொல்லப் பெருங்கூட்டம் கூடுகிறது. தெக்கீலா ஊற்றுகிறார்கள், சிகரெட் பற்றவைத்துச் சிலையின் மேல் புகை விடுகிறார்கள், ஆப்பிளும் தண்ணீரும் வைக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர், “இது நம்ம முனியப்பன் படையலுங்களே, சாராயம் மாறிடுச்சு, அவ்வளவுதான்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

அவளை வணங்குவோரில் போதைப்பொருள் கடத்துவோரும் கூலிக் கொலைகாரர்களும் சிறைக்கைதிகளும் இருப்பது உண்மை. மற்ற புனிதர்களிடம் போய் நிற்கக் கூசும் வேண்டுதலை இவளிடம் சொல்லலாம். கேட்பவன் யார், கேட்பது நல்லதா கெட்டதா என்று இவள் பார்ப்பதில்லை என்பது நம்பிக்கை. சாவுக்கு ஏழை பணக்காரன் தெரியாது அல்லவா? ஆனால் அதே காரணத்துக்காகவே சந்தைக்காரிகளும் வாடகைக்கார் ஓட்டுநர்களும் பாலியல் தொழிலாளர்களும், கடத்தல்காரனைத் துரத்தும் காவலர்களுமே அவளிடம் போகிறார்கள். குண்டடிபட்டு நடுத்தெருவில் சாகாமல், படுக்கையில் கிடந்து அமைதியாகப் போக வேண்டும் என்பது அவர்களுடைய வேண்டுதல். நம் பக்கத்தில் ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது. இருந்தும் எமன் படத்தை வண்டியில் ஒட்டிக்கொண்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. சாவை வாசலிலேயே நிறுத்தி, சிகரெட் கொடுத்துச் சமாதானம் பேசும் துணிச்சல் நமக்கு வரவில்லை போலும்.

அரசும் திருச்சபையும் அவளை ஏற்கவில்லை. 2009 மார்ச்சில் மெக்சிகோ இராணுவம், அமெரிக்க எல்லையில் உள்ள நுவோ லரேடோ முதலிய ஊர்களில் சாலையோரமாக எழுந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்ட சிறு கோயில்களைப் புல்டோசர் வைத்து இடித்தது. 2013-இல் வத்திக்கானின் பண்பாட்டுத் துறைக்குத் தலைவராயிருந்த கர்தினால் ஜான்ஃபிராங்கோ ரவாசி இந்த வழிபாட்டைத் தெய்வ நிந்தனை என்று கண்டித்தார். நுவோ லரேடோ என்பது சரக்கு லாரிகள் வரிசைகட்டி எல்லை கடக்கும் ஊர். வாளையாற்றில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது, அதிகம் விளக்கத் தேவை இருக்கவில்லை.

படத்தில் இன்னொரு குறை நிறம். வண்டி பச்சை என்பதால் படமும் பச்சை அங்கியோடு இருக்கட்டும் என்று தம்பி மகன் சொல்லியிருந்தான். கடைக்காரரும் சம்மதித்து அளவெடுத்துவிட்டார். சாந்தா முவெர்த்தேக்கு நிறம் என்பது அலங்காரமன்று, வேண்டுதலின் வகை. சிவப்பு காதலுக்கு, பொன்னிறம் பணத்துக்கு, கறுப்பு பகைவரிடமிருந்து காப்புக்கு, வெள்ளை தூய்மைக்கு. பச்சையோ நீதிமன்ற வழக்குக்கு! புது வண்டி வாங்கிய பையன், தன்மேல் ஒரு வழக்கும் இல்லாத பையன், வழக்கு ஜெயிக்க வேண்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றப் பார்த்தான். கடைக்காரர் சிரித்துவிட்டு வெள்ளைச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதே தொகுப்பில் ஒரு மீசைக்காரரும் இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கறுப்புத் துணி, நேர்வகிடு எடுத்த கரிய முடி, கட்டான மீசை. பழைய சினிமா நடிகர் என்று கடைக்காரர் நினைத்திருந்தார். அவர் ஹெசுஸ் மால்வெர்டே. சினலோவா மாநிலத்துக் குலியகான் நகரில் கோயில் கொண்டிருக்கும் கொள்ளைக்காரர், கடத்தல்காரர்களின் புனிதர் என்றே பத்திரிகைகள் எழுதும் மனிதர். பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றும், 1909 மே 3 அன்று தூக்கிலிடப்பட்டார் என்றும், உடலைப் புதைக்கக் கூடாது என்று ஆளுநர் தடைபோட்டதால் போவோர் வருவோர் ஆளுக்கொரு கல் போட்டே அவருக்கு மேடு எழுப்பினர் என்றும் கதை. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு உறுதியான ஆவணம் இல்லை. 1888-இல் கொல்லப்பட்ட எராக்லியோ பெர்னால் போன்ற உண்மைக் கொள்ளையரின் நினைவே இந்தப் பெயரில் திரண்டது என்பர். உருவச்சிலை செய்ய முகம் வேண்டியிருந்தபோது, அந்த மாநிலத்திலேயே பிறந்து 1957-இல் விமான விபத்தில் இறந்த நடிகர் பெத்ரோ இன்ஃபான்தேயின் சாயலில் செய்தார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். ஆகவே கடைக்காரரின் ஊகம் பாதி சரியே. காணிக்கைப் பணம் ஏழைகளின் சவப்பெட்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் போன கோயில் அது. சோளமும் இறாலும் நன்றாகப் பலித்தவர்கள் கொண்டுவந்து வைத்த நன்றிக் காணிக்கைகளும், வேறு பயிர் நன்றாகப் பலித்தவர்கள் வைத்தவையும் ஒரே சுவரில் தொங்கும்.

மால்வெர்டே படத்தில் வேலைப்பாட்டுக் குறை ஒன்றும் காணவில்லை. வாங்கவில்லை என்பது வேறு.

வெட்டுப்பட்டவனைக் கும்பிடுவது நமக்குப் புதிதா என்ன? கள்வரை அடக்க மதுரைக்கு அழைக்கப்பட்ட மதுரைவீரனே கள்வனென்று பழிசுமத்தப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான்; இன்று மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசலில் காவல் நிற்கிறான். காத்தவராயனைக் கழுவேற்றிய கதையை ஆண்டுதோறும் கழுமரம் நட்டு நடித்துக் காட்டுகிறோம். இதே கேரளத்தில், கோழஞ்சேரிக்கு அருகே எடப்பாறை மலைதேவர் நடையில், 19-ஆம் நூற்றாண்டுத் திருடரான காயங்குளம் கொச்சுண்ணிக்கு இடம் கொடுத்து வெற்றிலை, பாக்கு, புகையிலை, சாராயம் படைக்கிறார்கள். அவர் முஸ்லிம், நடையோ இந்துக்களுடையது. மெக்சிகோவின் டிஹுவானாவில் ஹுவான் சோல்தாதோ என்றொருவர் உண்டு. சிறுமியொருத்தியைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்டு, 1938 பிப்ரவரியில், கல்லறைத் தோட்டத்தில் ஓடவிட்டுச் சுடப்பட்ட படைவீரர். குற்றமற்றவரைக் கொன்றுவிட்டார்கள் என்று பிற்பாடு மக்கள் நம்பினர். எல்லை தாண்டி அமெரிக்கா போகிறவர்கள் இன்றும் அவரிடம் வேண்டிக்கொண்டு போகிறார்கள். மதுரைவீரனுக்கும் அவருக்கும் இடையே ஒரு கடல்தான் தூரம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. மிச்சோவகான் மாநிலத்தில் நாசாரியோ மொரேனோ என்ற கும்பல் தலைவன் 2010 டிசம்பரில் செத்துவிட்டான் என்று அரசு அறிவித்தது. உடனே அவனைப் புனிதனாக்கிக் கவசம் பூண்ட சிலைகளும் சிறு கோயில்களும் வைத்தார்கள். ஆள் உண்மையில் சாகவில்லை. 2014 மார்ச்சில் இராணுவம் சுட்டுக் கொன்றபோதுதான் செத்தான். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில், தனக்கு எழுப்பிய சிலைகளைத் தானே காணும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது. மக்கள் கண்ணீரில் எழும் தெய்வத்துக்கும் கும்பல் காசில் எழும் தெய்வத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்றேன். கடைக்காரர் சற்று யோசித்து, தம்மிடம் வீரப்பன் படம் கேட்டு வருபவர்கள் உண்டென்றும், மீசையை மட்டும் வெட்டித் தருவதாகவும், முகம் தருவதில்லையென்றும் சொன்னார். கொள்கையா, பயமா என்று நான் கேட்கவில்லை.

வாடிக்கையாளர்கள் அறிய விரும்புவது ஒன்று இருக்கிறது: இத்தகைய படம் ஒட்டினால் கலால் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்களா? ஆந்திரத்திலிருந்து தமிழ்நாடு வழியாகக் கேரளத்துக்குள் கஞ்சா வரும் வழிகளில் வாளையாறும் ஒன்று. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. குறைந்தது பத்தாண்டுச் சிறை. ஆகவே சோதனை கடுமையாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். பெயர் வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னதற்கும் இதுவே காரணம். யாரோ ஒருவர் கஞ்சா இலைப் படம் ஒட்டிக்கொண்டு போய் மாட்டியபோது, எங்கே ஒட்டியது என்று இவரைத் தேடி வந்து விசாரித்தார்களாம். அன்று முதல் இலைப் படத்தை அழித்துவிட்டார்.

படத்தை வைத்து ஆளை முடிவுசெய்வதில் அமெரிக்க நீதிமன்றமே இடறி விழுந்து எழுந்திருக்கிறது. நியூ மெக்சிகோவில் ஒரு வண்டியில் ஒளித்துவைத்த போதைப்பொருள் பிடிபட்டது. அதில் வந்த பெண் சாந்தா முவெர்த்தே மன்றாட்டு ஒன்றை வைத்திருந்தார். கடத்தல்காரர்களின் புனிதர்களைப் பற்றிக் காவலர்களுக்கு வகுப்பெடுத்துவந்த, மார்ஷல் எனப்படும் மத்திய அரசு அதிகாரி ஒருவரை நிபுணர் சாட்சியாக நிறுத்தி, அந்த மன்றாட்டையும் குற்றத்துக்கு அடையாளமாகக் காட்டினார்கள். தண்டனையும் கிடைத்தது. 2014-இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சாட்சியத்தை அனுமதித்தது தவறு என்று கூறித் தண்டனைகளை ரத்து செய்தது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைச் சுவரில் புனித யூதா ததேயு படம் தொங்கியது. மலையாளிகள் யூதாஸ்லீஹா என்பார்கள். முடியாத காரியங்களுக்கு வேண்டிக்கொள்ளும் திருத்தூதர். மெக்சிகோ நகரத்துச் சான் ஹிப்போலிட்டோ ஆலயத்தில் மாதந்தோறும் 28-ஆம் தேதி அவர் சிலையைக் கையில் ஏந்திவரும் கூட்டத்தில் தெருப் பையன்களும் போதைக்கு அடிமையானவர்களும் திருடர்களும் இருப்பார்கள். பரீட்சைக்குப் போகும் மாணவிகளும் இருப்பார்கள். இங்கே அவர் படத்தை வாங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

எங்கள் வண்டியைப் பொறுத்தவரை, முதல் வாரத்தில் ஒருமுறை நிறுத்தினார்கள். அதிகாரி பின்கதவைப் பார்த்து, “இது ஆரா?” என்றார். தம்பி மகன், “மெக்சிகோ அம்மன் சார்” என்றான். தக்காளிப் பெட்டிகள் இரண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இனி செலவும் தரமும். முனியப்பன் இரண்டும், முன்கண்ணாடிக்கு மேலுள்ள தகட்டில் பெயரும், பின்கதவுப் படமும் சேர்த்து 3,400 ரூபாய். பேரம் பேசியதில் இருநூறு குறைந்தது. கண்ணாடிமேல் ஒட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். வண்டிக் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடைசெய்ததைச் சொல்லி அவரே மறுத்துவிடுவார். ஒட்டும் வேலை மிகச் சுத்தம். சோப்புத் தண்ணீர் தெளித்து, படத்தைச் சறுக்கி இடம் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் குமிழ்களைத் தள்ளி, தகட்டின் வளைவுகளில் ஹீட் கன் காட்டி அமுக்குகிறார். கத்தியை வண்டிமேல் வைத்து வெட்டாமல் மேசையிலேயே முழுதும் வெட்டி முடிப்பதால் பெயிண்டில் கீறல் இல்லை. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை முழுதும் நனைந்த பிறகும் முனியப்பனின் ஓரம் ஒன்றுகூட எழும்பவில்லை. வெயிலில் சிவப்பு மட்டும் சற்று வெளுத்திருக்கிறது. சிவப்பு எல்லாக் கடையிலும் வெளுக்கத்தான் செய்கிறது.

குறைகளும் உண்டு. சொன்ன நேரத்துக்கு முடிப்பதில்லை. மதியம் தருவதாகச் சொன்ன வண்டி விளக்கு வைத்த பிறகே கிடைத்தது. பில் கேட்டால் துண்டுத் தாளில் எழுதித் தருகிறார். மலையாள எழுத்து அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது, தமிழில் கவனம் போதவில்லை. கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரைக் ‘கொளிஞ்சாம்பாறை’ என்று வெட்டியிருந்தார். காட்டியதும் மறுபேச்சின்றி, காசும் வாங்காமல் மாற்றித் தந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி நிறுத்த நிழல் கிடையாது. டீ நன்றாக இருக்கும்.

எலும்புத் தாயை அவர் உடனே ஒட்டவில்லை. பத்து நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது புதிதாக வரைந்து வைத்திருந்தார். தொப்பியும் ரோஜாவும் போய், அங்கியின் முக்காடு தலையை மூடியிருந்தது. ஒரு கையில் அரிவாள், மறு கையில் உலக உருண்டை, காலடியில் ஆந்தை. நான் வாயால் சொன்னதை அவர் தாளில் குறித்துக்கொண்டதை அப்போது கவனிக்கவில்லை. அரிவாள் வலக்கையில் இருந்தது. இந்தப் பெண்ணிடம் எதுவும் வேண்டிக்கொள்ளப் போகிறாயா, மாதம் பிறந்தால் சிகரெட் பற்றவைப்பாயா என்று தம்பி மகனைக் கேட்டேன். “பாக்க நல்லாருக்குது பெரியப்பா, அவ்வளவுதான்” என்றான். வேண்டுதல் இல்லாமல் ஒரு தெய்வத்தை ஏற்றிக்கொண்டு திரிவதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை, வண்டி அவனுடையது.

ஒட்டுவதற்கு முன், இவளுக்குப் பார்வை எந்தப் பக்கம் என்று கடைக்காரர் கேட்டார். டெபீட்டோவில் வீதியைப் பார்த்து நிற்கிறாள் என்றேன். பின்னால் வருகிறவர்களைப் பார்க்கும்படி நடுக் கதவில் நிறுத்தி ஒட்டினார். பிறகு கணினிக்குப் போய், கேட்காமலேயே ஒரு வரி வெட்டிக்கொண்டு வந்து அவள் காலடியில் ஒட்டிவிட்டு, அதற்குக் காசு வேண்டாமென்றார். தமிழிலும் மலையாளத்திலும், இம்முறை பிழையில்லாமல் இருந்தது: ‘இடைவெளி விட்டு வரவும்’.